மாமாவுக்கு ஒரு இலை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது சாப்பாட்டை வைத்துத்தான் வரும். குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது, மீன் நேற்றைய மீன், ரசத்துக்கு மிளகைத் தட்டாமல் பொடியைக் கொட்டியது யார், இப்படித்தான். மற்ற வீடுகளில் பெரிய பெரிய விஷயங்களுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். என் அப்பா ஒருமுறை அம்மாவோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம், நண்டுப் பெரட்டலில் சதை பிடித்த கொடுக்கையெல்லாம் அம்மா தன் தம்பியின் தட்டுக்கே தள்ளிவிட்டாள் என்பது. தம்பி என்றால் என் மாமா. அவரோ கொடுக்கைக் கடித்து உறிஞ்சியபடி, "மச்சான் கோவமா இருக்காருக்கா, அவரு பங்கையும் இங்கயே போட்டுரு" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சண்டை அத்தோடு போயிற்று.

மலேசியாவில், மலாக்கா பட்டணத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது எங்கள் வீடு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் குளிர்பெட்டிக்குள்தான் நிற்க வேண்டும். ஆனாலும் நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் கிடப்போம். அம்மா தாளிப்பாள். அப்பா வெங்காயம் உரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பொரித்த அப்பளத்தை உடைத்துத் தின்பார். மாமா மூடியைத் திறந்து திறந்து மூடி அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்குவார். வெளியே நீளமான பொது நடை. அதில் ஒருதரம் நடந்தால் போதும், எந்த வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுபடுகிறது, எந்த வீட்டில் சூப்பு கொதிக்கிறது, யார் வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நான் சொல்வேன். படிப்பில் இல்லாத கூர்மை எனக்கு மூக்கில் இருந்தது.

அம்மாவும் மாமாவும் புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். அம்மாவுக்குக் கல்யாணமானபோது மாமா அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் காரிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாராம். "எங்கக்கா கொண்டுவந்த சீர்வரிசையே நாந்தான்லா" என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அம்மா அவரைத் தம்பியாகவா வளர்த்தாள்? நான் பிறப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மாமாவுக்குப் பிடித்த சாப்பாடு இரண்டு. ஒன்று, அம்மா வைக்கும் அசாம் பெடாஸ். புளியும் மிளகாயும் போட்ட மலாய்க்கார மீன் குழம்பு அது. மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. அம்மா அதில் தன் இஷ்டத்துக்கு வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் போட்டுத் திருக்கை மீனைக் கொதிக்கவிட்டாள். மாக்சிக் ருசி பார்த்துவிட்டு, இது அசாம் பெடாஸே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு மாதம் தவறாமல் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். இன்னொன்று, கிளேபாங் கடலோரக் கடைகளில் விற்கும் தேங்காய் ஷேக். இளநீரும் வழுக்கையும் அடித்து, மேலே ஐஸ்கிரீமை மிதக்கவிட்டுப் பிளாஸ்டிக் கப்பில் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். தன்னுடையதை ஒரே உறிஞ்சில் காலி செய்துவிட்டு, என்னுடையதில் ஈ விழுந்திருக்கிறது என்று சொல்லி அதையும் வாங்கிக் குடிப்பார். ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன். அவ்வளவு மக்கு நான்.

அந்த மாமா ஒருநாள் தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றார். கைப்பேசியில் வந்த வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசினால் போதும், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே தருவார்களாம். அப்பா, யாரென்றே தெரியாதவனை நம்பி எப்படிப் போவாய் என்று கேட்டார். அம்மா, சாப்பாடு தருகிறார்கள் என்றால் என்ன சாப்பாடு என்று கேட்டாள். எங்கள் வீட்டில் கேள்விகள் அப்படித்தான் இருக்கும். மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முதலில் முகம் பார்த்துப் பேசினார். பிறகு குரல் மட்டும் வந்தது. பிறகு எப்போதாவது ஒரு குரல் பதிவு. கடைசியாக வந்ததை அம்மா என் காதருகில் வைத்துக் கேட்கவைத்திருக்கிறாள். "அக்கா, நாக்கு செத்துப்போச்சுக்கா. வந்த ஒடனே அசாம் பெடாஸ் வச்சுக் குடு." மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவரைத் தாய்லாந்தையும் தாண்டி எங்கோ ஓர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், கட்டடத்துக்குள் பூட்டி வைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடிக்கிறார்கள் என்பது பெரியவர்களுக்குப் பிறகு தெரிந்தது. அப்பா போலீசுக்குப் போனார், அதிகாரிகளைப் பார்க்கப் போனார், போன இடத்திலெல்லாம் காத்திருந்தார். என்னிடம் மட்டும், மாமாவுக்கு வேலை அதிகம் என்றார்கள்.

அம்மா அப்போதும் சமைத்தாள். ஆனால் ஒருநாள் உப்பே இல்லை, ஒருநாள் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்பா எதையும் சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்தார். அப்பா குறை சொல்லாமல் சாப்பிட்டதுதான் எங்கள் வீட்டில் நான் பார்த்த முதல் துக்கம். அப்போது அதை நான் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கும்போது, மாமாவோடு அங்கே அடைபட்டுக் கிடந்த ஒரு பையன் எப்படியோ தப்பி ஊர் திரும்பினான். அப்பாவும் அம்மாவும் அவனைப் பார்க்கப் போனார்கள். அவன் சொன்னதை இப்போது நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடியிருக்கிறார்கள். வழியில் ஆறு. இருட்டு. "அவன் ஆத்துல எறங்கினத பாத்தேன். ஏறினத பாக்கல" என்றானாம். அவ்வளவுதான். செத்தான் என்று சொல்லவில்லை, பிழைத்தான் என்றும் சொல்லவில்லை. அந்தப் பாவிப்பையன் இரண்டில் ஒன்றைப் பொய்யாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் படையல் போடுவோம். இங்கே பெரும்பாலான தமிழர் வீடுகளில் அது உண்டு. இறந்துபோனவர்களுக்கு இலை விரித்து, உயிரோடு இருந்தபோது அவர்கள் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் வைப்பது. அப்பாவின் அப்பாவுக்குக் கருவாட்டுத் தொக்கு, ஆட்டுக்கறி, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், பற்றவைத்த சிகரெட். கற்பூரம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே போய் நிற்க வேண்டும். நாம் நின்று பார்த்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்களாம், கூச்சம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, குரல் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். போனதும் பெரியவர்கள் இலையைக் குனிந்து பார்ப்பார்கள். சோற்றில் குழி விழுந்திருந்தால், பாட்டிலில் கொஞ்சம் இறங்கியிருந்தால் முகமெல்லாம் மலர்ந்துவிடும். வந்துட்டுப் போயிருக்காரு என்பார்கள்.

அந்த ஆண்டு படையலுக்கு லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. வந்த அன்றே அம்மா அவளிடம் தன் கனவைச் சொல்லியிருக்கிறாள். அப்போது என்னை முறுக்குத் தட்டோடு மாக்சிக் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்பதை நான் பெரியவளான பிறகுதான் அத்தை சொன்னாள். கனவில் மாமா உடம்பெல்லாம் நனைந்து, சமையலறை வாசலில் நின்று, பசிக்குதுக்கா என்றாராம். இறந்தவர்கள் கனவில் வந்து சோறு கேட்டால் போட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"கனவுதானம்மா. உசுரோட இருக்கிறவனுக்கு எல போடறது ஆகாதுலா. நம்ம வாயாலயே போய்ட்டான்னு சொன்ன மாரி ஆயிரும்" என்றிருக்கிறாள் அத்தை.

"போயிருந்தா பசியோட நிப்பானே அண்ணி. அவனுக்கு என்னய விட்டா போட யாரு இருக்கா?" அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "போடலன்னா பட்டினி போட்டவளாவேன். போட்டா கொன்னவளாவேன். நான் என்னதான் செய்ய, சொல்லுங்க."

கடைசியில், போட்டுவிடுவது என்றே முடிவாயிற்றாம்.

இந்தப் பேச்சு எதுவும் தெரியாத எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தைப் பைக்குள் இருந்த திருக்கை மீன்தான். காலையில் அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைக் கழுவி, மிளகாய் அரைத்து, புளி கரைத்து, வெந்தயம் போட்டாள். மாமா போன பிறகு எங்கள் வீட்டில் அசாம் பெடாஸ் வைத்ததே கிடையாது. அந்த வாசனை நடையில் இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அப்பா காரை எடுத்துக்கொண்டு கிளேபாங் போய், கூட்டத்தில் நின்று, ஒரே ஒரு தேங்காய் ஷேக் வாங்கி வந்தார். எனக்கு எங்கே என்று கேட்டேன். "இது மாமாவுக்கு" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மாமா வருகிறார்! ஓடிப்போய் மாக்சிக்கிடம் சொன்னேன். மின்தூக்கியில் ஏறி இறங்கியவர்களிடமெல்லாம் சொன்னேன். புதுச் சட்டையை மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் திட்டவில்லை.

படையல் அறையில் தாத்தாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை விரித்து, அம்மா சோறும் மீனும் வைத்தபோதும் என் புத்தியில் எதுவும் தட்டவில்லை. படையல் இறந்தவர்களுக்கு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும் விதம் வேறு. தாத்தா வருவார், தாத்தா சாப்பிடுவார், தாத்தா உன்னைப் பார்த்துவிட்டுப் போவார் என்றுதானே சொல்வார்கள்? தூரத்தில் இருப்பவர்கள் சாப்பிட வரும் நாள் என்றுதான் நான் அதைப் புரிந்துவைத்திருந்தேன். அவ்வளவு மேலே இருந்து தாத்தாவே வரும்போது, தாய்லாந்திலிருந்து மாமா வருவதற்கு என்ன?

அப்பா தேங்காய் ஷேக்கின் மூடியைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஐஸ்கிரீம் கப்பின் விளிம்பைத் தாண்டி நின்றது. உறிஞ்சு குழாயை அம்மாதான் செருகினாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில்தான் அது உள்ளே போயிற்று. கற்பூரம் காட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடைக்கு வந்து நின்றோம்.

நான் மின்தூக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்தது. தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞன் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வெளியே வந்தான். மாமாவின் உயரம். நான் இரண்டடி ஓடிவிட்டேன். அவன் வேறு வீட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாக்சிக் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, சிரித்த முகமாக வந்தார். "அடிக் டா சம்பாய்?" என்றார் அம்மாவிடம். தம்பி வந்துவிட்டானா என்று கேட்கிறார். நான் சொல்லிவைத்திருந்தேன் அல்லவா? அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் மாக்சிக்கைப் பார்த்தாள். இன்னும் இல்லை என்று அப்பாதான் தலையை ஆட்டினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாக்சிக்குக்கு என்ன புரிந்ததோ, அம்மாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா கதவைத் தட்டினார். உள்ளே போனோம். அம்மா வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"பாருங்க" என்றாள் அப்பாவிடம். "தொட்டிருக்கா?"

அப்பா மாமாவின் இலைமேல் குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. மீன் துண்டு அசையவில்லை. அப்பா நீளமாக மூச்சு விட்டார். "இல்லம்மா. வச்சது வச்ச மாரியேதான்..."

"இல்லப்பா, குடிச்சிருக்காரு!" நான் அவர் கைக்குக் கீழே நுழைந்து கத்தினேன். "கப்ப பாருங்க! கொறஞ்சிருக்கு! மாமா வந்துட்டாரு!"

குறைந்துதான் இருந்தது. விளிம்பைத் தாண்டி நின்ற வெள்ளை, கப்புக்குள் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. மேலே ஓரத்தில் ஒரு கோடு மட்டும் ஒட்டியிருந்தது. அம்மா ஓடிவந்து அந்தக் கப்பின் முன்னால் மண்டியிட்டாள்.

"ஐஸ்கிரீம் கரைஞ்சா எறங்கத்தான செய்யும்?" அப்பா அவசர அவசரமாகச் சொன்னார். "இந்தப் புழுக்கத்துல எது நிக்கும் சொல்லு. கரைஞ்சிருச்சும்மா. அவ்வளவுதான்லா."

அம்மா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "குடிக்கலன்னு சொல்லு. குடிக்கலன்னு சொல்லுடி."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்தானே முதலில் கண்டுபிடித்தேன். "குடிச்சிருக்காரும்மா. நெஜமா. நல்லா குடிச்சிருக்காரு."

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல மாட்டேன், அழுகையை நான் அதற்கு முன்பு கேட்டிருக்கிறேன். அவள் தன் வயிற்றிலேயே அறைந்துகொண்டாள். தம்பி, தம்பி என்று அந்த இலையிடம் சொன்னாள். நடையில் கதவுகள் திறந்தன. அப்பா கப்பை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டபடி அங்கேயே நின்றார்.

அத்தை என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், தட்டில் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தாள். தின்றேன். சொல்ல வெட்கமாக இல்லை, மூக்கு ஒழுக ஒழுக, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன். அம்மா அதற்கு முன்னும் பின்னும் அத்தனை ருசியாக ஓர் அசாம் பெடாஸ் வைத்ததில்லை. மற்ற யாரும் அன்று வாயில் எதையும் வைக்கவில்லை. மாமா வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார், இதற்குப் போய் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருந்தது. அதிலும் என்னைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று மாமாமேல் கோபம் வேறு.

இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மறு ஆண்டு தாத்தாவுக்கு மட்டும் இலை போட்டார்கள். மாமாவின் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. அவர் போனபோது இருந்த வயது இப்போது எனக்கு நடக்கிறது. வேறு ஊரில், நான்கு பேரோடு வாடகை அறையில் இருக்கிறேன். அம்மா தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்று சொன்னாலும், நிஜமாகவா என்று மறுபடியும் கேட்பாள். என்ன சொல்லி அவளைத் தேற்றுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். சொந்தத் தம்பிக்கு ஆசை ஆசையாகச் சமைத்து, இலை நிறையப் பரிமாறிவிட்டு, அவன் வந்து அதைத் தொட்டுவிடவே கூடாது என்று சாத்திய கதவுக்கு வெளியே நின்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்.